பூட்டிய வீடும் மிஷன் காணியும்: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிறு பூசை முடிந்து படியிறங்கினால் மரத்தடியில் யாராவது ஒரு கோப்புடன் நிற்பார்கள். எங்கள் கத்தோலிக்கப் பங்கில் காணி உறுதியை, அதாவது காணிப் பத்திரத்தை, வாசித்துச் சொல்வதும், பிரதேச செயலகத்துக்கு மனு எழுதிக் கொடுப்பதும் பல வருடங்களாக என் பொறுப்பில் இருக்கின்றன. ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை: ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கும் இரண்டாம் வீடுகளைப் பற்றியும், மிஷன் காணி என்று ஊர் சொல்லும் திருச்சபை நிலத்தைப் பற்றியும்தான். கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். நான் சட்டத்தரணி அல்ல. எதிலும் கையெழுத்து வைக்கும் முன் ஒரு சட்டத்தரணியிடம் காட்டிவிடுங்கள்.

இரண்டாம் வீடு என்றால் எது? மகளுக்காகக் கட்டி வைத்ததையும் அப்படித்தான் சொல்வீர்களா?

ஒரு குடும்பம் ஒரு வீட்டில் வாழ்கிறது. அதே குடும்பத்தின் பெயரில் உள்ள இன்னொரு வீடு வருடத்தின் பெரும்பகுதி ஆளில்லாமல் கிடக்கிறது. அந்த வீட்டைத்தான் இரண்டாம் வீடு என்கிறேன். வாடகைக்கு விட்ட வீட்டில் யாரோ சமைக்கிறார்கள், ஒரு பிள்ளை படிக்கிறது. அது இந்தக் கணக்கில் வராது.

இங்கே மூன்று வகை வீடுகளைக் காண்கிறேன். வெளிநாட்டில் குடியேறியவர்கள் பூட்டிவிட்டுப் போனவை ஒரு வகை. கொழும்பிலும் பிற ஊர்களிலும் இருப்பவர்கள் உப்புவெளி, நிலாவெளிக் கரையில் விடுமுறைக்கென்று கட்டியவை இன்னொரு வகை. மூன்றாவது, மகளின் கலியாணத்தை நினைத்து முன்கூட்டியே எழுப்பிய சீதன வீடு. கிழக்கில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் வீடு பெண்ணுக்கென்றே கொடுக்கப்படுகிறது. தாயும் தகப்பனும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணத்தில் எழும்பிய சுவர் அது. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் பத்து வயது மகளுக்காகக் கட்டிய வீடு அவள் கழுத்தில் தாலி ஏறும்வரை பூட்டியே கிடக்க வேண்டுமா என்று கேட்பேன்.

என் காசில் கட்டிய வீட்டை நான் பூட்டி வைத்தால் யாருக்கு என்ன நட்டம்?

உவர்மலையில் ஒரு வீடு இருக்கிறது. நான்கு அறை, மேலே தண்ணீர்த் தாங்கி, முன்னால் கறுத்தக்கொழும்பான் மாமரம். சனிக்கிழமைகளில் ஒரு வயதான ஐயா சாவிக்கொத்துடன் வந்து மோட்டரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, குழாய்களைத் திறந்து மூடி, விழுந்து அழுகிய மாம்பழங்களைக் கூட்டி அள்ளிவிட்டுப் போகிறார். ஒவ்வொரு சாவியிலும் வெள்ளைப் பிளாஸ்ரர் ஒட்டிப் பேனையால் எழுதியிருக்கிறது: முன்கதவு, சாமி அறை, தம்பி அறை. அந்தத் தம்பி ஊருக்கு வந்து ஆறு வருடமாகிறது என்று அவரே சொன்னார். சாவி வைத்திருக்கும் அந்த ஐயா, மகளின் குடும்பத்துடன் ஐந்து பேராக ஓர் ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கிறார்.

நம் பட்டணம் கடலுக்கும் துறைமுகத்துக்கும் நடுவே ஒடுங்கிய கழுத்தில் இருக்கிறது. எஞ்சிய நிலத்திலும் துறைமுகம், கடற்படை, இராணுவம், அரச திணைக்களங்கள் என்று பெரும் பரப்பு போய்விடுகிறது. நாடு முழுவதையும் எடுத்தாலும் ஐந்தில் நான்கு பங்குக்கு மேற்பட்ட காணி அரசின் கையில்தான். ஆகவே கைமாறக்கூடிய நிலம் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தில் ஒரு வீடு பூட்டப்பட்டால் அடுத்த வீட்டின் வாடகை ஏறுகிறது, அதைக் கொடுக்க முடியாத குடும்பம் பட்டணத்தை விட்டு வெளியே தள்ளிப் போகிறது. அந்த வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பஸ் ஏற வேண்டியிருக்கிறது. நட்டம் அந்தப் பிள்ளைக்குத்தான்.

யுத்தத்தில் ஓடிப் போனவர்களையும் இதில் சேர்த்துவிடுவீர்களா?

இல்லை. இதைக் கேட்பவர்களின் குரலில் உள்ள பயம் எனக்குத் தெரியும். ஒருவர் விரும்பிப் பூட்டிய வீடு ஒன்று, உயிருக்கு அஞ்சி விட்டுப் போன வீடு வேறொன்று. சம்பூர் மக்கள் 2006இல் இடம்பெயர்ந்து, கிளிவெட்டி போன்ற இடங்களில் வருடக்கணக்கில் முகாமில் இருந்தார்கள். அவர்களின் மண் முதலில் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று, பிறகு முதலீட்டுக்கென்று ஒதுக்கப்பட்டது. 818 ஏக்கருக்கான அந்த ஒதுக்கீடு 2015இல்தான் ரத்தானது. இத்தனை காலம் ஆளில்லாமல் கிடந்தது என்று அந்த மண்ணைப் பார்த்து யாராவது சொல்ல முடியுமா?

சட்டமும் இந்த வேறுபாட்டை ஏற்றது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தில் ஆயுதக் குழுக்களின் செயல்களால் தம் காணியை அணுக முடியாமற்போனவர்களுக்கு எதிராக அந்த வருடங்களை, காணியை அனுபவித்து உரிமை கோருவதற்கான ஆட்சிக் காலமாகக் கணக்கிடக் கூடாது என்று 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் சொன்னது. ஆனால் அதன்படி வழக்கிட இரண்டு வருட அவகாசமே தரப்பட்டது. பலர் அதை அறியாமலே இருந்துவிட்டார்கள்.

வாடகைக்குக் கொடுத்தால் பிறகு எழும்ப மாட்டார்களே? பத்து வருடம் இருந்தால் வீடு அவர்களுக்காமே?

பூட்டிய வீடுகளில் பாதிக்கு இந்தப் பயம்தான் பூட்டு என்று எனக்குத் தோன்றுகிறது. பயத்துக்குக் காரணம் உண்டு. 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் குடியிருப்பவரை இறுக்கமாகப் பாதுகாத்தது. என் சின்னம்மா தெரிந்த குடும்பம் என்று வாய்ப்பேச்சில் வீட்டைக் கொடுத்தார். துண்டு இல்லை, பற்றுச்சீட்டு இல்லை. வழக்கு முடியுமுன் அவர் கண்ணை மூடிவிட்டார்.

பத்து வருடக் கதையைத் தெளிவாகச் சொல்கிறேன். 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின் கீழ் உரிமை கோருபவர், உண்மையான சொந்தக்காரரை ஏற்காமல், அவருக்கு எதிராகவே பத்து வருடம் தடையின்றி அனுபவித்திருக்க வேண்டும். மாதாமாதம் வாடகை கொடுப்பவர் ஒவ்வொரு முறையும் "இது உங்கள் வீடு" என்று ஒப்புக்கொள்கிறார். அவருக்கு அந்த வழி இல்லை. சிக்கல் வருவது எழுத்தில் எதுவுமே இல்லாத இடத்தில்.

ஆகவே நொத்தாரிசிடம் போங்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன் எழுதப்பட வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டிலிருந்தே இங்கே சட்டம். இரண்டு அல்லது மூன்று வருடத்துக்கு எழுதி, காணிப் பதிவகத்தில் பதிந்து, வாடகையை வங்கிக் கணக்குக்கு வாங்குங்கள். குத்தகை முடிந்தும் எழும்பாதவரிடமிருந்து வீட்டை விரைவாக மீட்பதற்கென்றே 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் வந்திருக்கிறது. உங்கள் வீடு 1972ஆம் ஆண்டின் சட்டத்துக்குள் வருகிறதா இல்லையா என்பதை மட்டும் சட்டத்தரணியிடம் முதலே கேட்டுக்கொள்ளுங்கள். மகளின் சீதன வீட்டுக்கும் இதே வழிதான்.

நிலாவெளியில் வெளியூரார் காணி வாங்கினால் எங்கள் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கிறதே. அதில் என்ன பிழை?

ஆள் தங்கும் விடுதியில் வேலை கிடைக்கிறது. சமையல், சலவை, படகு என்று பத்துக் குடும்பம் பிழைக்கிறது. அதை நான் எதிர்க்கவில்லை. வருடத்தில் இரண்டு வாரம் திறக்கும் விடுமுறை வீட்டில் ஒரு காவலாளிக்குத்தான் வேலை. இரண்டும் ஒரே விலைக்குக் காணி வாங்குகின்றன, ஊருக்குத் தருவது ஒன்றல்ல.

கரைவலை இழுப்பவருக்குக் கரை வெறும் காட்சியல்ல. வலை வந்து சேரும் பாடும், வலை காயப்போடும் மணலும், வாடி என்ற மீனவர் குடிசை போட ஓரிடமும் அவருக்கு வேண்டும். சுனாமிக்குப் பிறகு வடக்கிலும் கிழக்கிலும் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக் கூடாது என்றார்கள். 2005ஆம் ஆண்டின் இறுதியில் அது தளர்ந்தது. அதற்குள் உள்ளே போன குடும்பங்கள் போனவைதான். இன்று கரையோரக் காணிக்கு விலை கேட்கவே மீனவர் வாய் திறப்பதில்லை. கரையிலிருந்து 300 மீற்றர் வரை கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அனுமதி பெற வேண்டும். வலை வந்து சேரும் பாட்டை ஒரு மதில் மறித்து எழும்பினால் அந்தத் திணைக்களத்துக்கு எழுத்தில் முறையிடுங்கள்.

வெள்ளைக்காரருக்கு இங்கே காணி எழுதலாமா?

2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தின்படி வெளிநாட்டவர் பெயருக்கு எழுத முடியாது, 99 வருடம் வரை குத்தகைக்குக் கொடுக்கலாம். விதிவிலக்குகள் சில உண்டு. இரட்டைக் குடியுரிமை பெற்ற நம்மவர்களை இது தடுக்காது. உள்ளூர்க்காரர் ஒருவரின் பெயரை இரவல் வாங்கி எழுதுவதற்கு உங்கள் பெயரைக் கொடுத்துவிடாதீர்கள்.

மிஷனுக்கு ஊரில் பாதிக் காணி இருக்கிறதாமே?

பாதி இல்லை. மிஷன் காணி என்று ஊர் சொல்வதில் பல வகை கலந்திருக்கிறது: கோயில் வளவு, சேமக்காலை, கன்னியர் மடம், பள்ளிக்கூடம், யாரோ ஒரு தாய் தன் பிள்ளையின் நேர்த்திக்காக எழுதிக் கொடுத்த தென்னந்தோட்டம். திருகோணமலை மறைமாவட்டம் 1893இல் உருவானது. முதலில் பிரெஞ்சு இயேசு சபையினரும் பின்னர் அமெரிக்கரும் இங்கே பணி செய்தார்கள். வாங்கியதும் நன்கொடையாய் வந்ததும் அவர்கள் காலத்தில் சேர்ந்தன. 1960, 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகளை அரசு ஏற்றபோது அவற்றின் நிலமும் கட்டடமும் பெரும்பாலும் அரசுக்குப் போயின. மெதடிஸ்த சபையின் கதையும் ஏறக்குறைய இதுதான்.

மிச்சம் இருப்பது சிறிதானாலும் கேள்வி போய்விடாது. முள்ளுக்கம்பிக்குள் புல் முளைத்துக் கிடக்கும் அரை ஏக்கர் பட்டணத்தின் நடுவே இருந்தால், அதன் அருகே வாடகைக்கு அலையும் குடும்பம் அதைத் தினமும் பார்க்கிறது. வீட்டோடு வீட்டையும் வயலோடு வயலையும் சேர்ப்பவர்களுக்கு ஐயோ என்று ஏசாயா தீர்க்கதரிசி சொன்னதை நாம்தான் பீடத்தில் நின்று வாசிக்கிறோம்.

அப்படியானால் எல்லாவற்றையும் விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டால் என்ன?

இந்தக் கேள்வியை நல்ல மனதுடன்தான் கேட்கிறார்கள். விற்றால் யார் வாங்குவார்? அதிக விலை சொல்பவர். அவர் கட்டுவது பெரும்பாலும் மேலே சொன்ன விடுமுறை வீடாகவோ கடைத்தொகுதியாகவோ இருக்கும். பணம் இரண்டு மூன்று வருடத்தில் கூரைத் திருத்தத்திலும் திருவிழாவிலும் கரைந்துவிடும், காணி போனது போனதுதான். பட்டணத்துக்குள் ஏழைக்கு எட்டக்கூடிய கடைசித் துண்டை நாமே ஏலம் போட்டதாகும்.

இன்னொன்று, அது பங்குத்தந்தையின் சொத்தல்ல. கத்தோலிக்கக் காணி பெரும்பாலும் ஆயர் என்ற பதவியின் பெயரில் இருக்கிறது. ஆள் மாறினாலும் உறுதி மாறாது. ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்காக எழுதிக் கொடுத்த காணியை வேறொன்றுக்குத் திருப்புவதற்கும் தடை உண்டு. ஆகவே முதல் வேலை, நன்கொடை உறுதியை எடுத்து வாசிப்பது.

விற்காமல் வீடு எப்படிக் கொடுக்கிறதாம்?

நிலத்தையும் வீட்டையும் பிரித்துவிடுங்கள். நிலம் மிஷன் பெயரில் இருக்கட்டும். அதன் மேல் 30 அல்லது 50 வருடக் குத்தகையை நொத்தாரிசு முன் எழுதி, வீட்டைக் குடும்பம் கட்டட்டும் அல்லது வாங்கட்டும். நில வாடகை சிறு தொகையாக இருக்கலாம், ஆனால் இருக்கவேண்டும், பற்றுச்சீட்டுடன். குடும்பம் வெளியேற விரும்பினால் கட்டிய செலவுக்கு ஏற்ற நியாயமான தொகைக்கு, பங்கு தெரிந்தெடுக்கும் அடுத்த குடும்பத்துக்கே வீட்டைக் கொடுக்க வேண்டும் என்று குத்தகையிலேயே எழுதிவிட வேண்டும். இந்த ஒரு வரி இல்லாவிட்டால் முதல் குடும்பம் நல்ல விலைக்கு உரிமையை மாற்றிவிடும், பத்து வருடத்தில் அதே இடத்தில் பூட்டிய வீடு நிற்கும்.

இதில் கடினம் கடன்தான். நிலத்தை ஈடு வைக்க முடியாதபோது வங்கி தயங்கும். பதிவு செய்த நீண்ட குத்தகையை ஈடாக ஏற்குமா என்று ஒரு வங்கியிடம் முதலிலேயே கேட்டு, அதற்கேற்பக் காலத்தை எழுதுவது நல்லது. மிகக் குறுகிய குத்தகையைக் கொடுத்துவிட்டு வீடு கட்டச் சொல்வது அந்தக் குடும்பத்தை ஏமாற்றுவதற்குச் சமம்.

லண்டனில் இரண்டாவது வீட்டுக்கு இரட்டை வரியாம். மகன் சொல்கிறான். உண்மையா?

உண்மைதான், உள்ளூர் சபை விரும்பினால். இங்கிலாந்தில் 2025 ஏப்ரல் முதல், இரண்டாம் வீட்டுக்கு வழக்கமான உள்ளூர் வரியைப் போல் இன்னொரு மடங்கு வரை மேலதிகமாக அறவிடலாம். வேல்ஸில் 2023 முதல் மேலதிகம் மூன்று மடங்கு வரை போகலாம். சுவிஸில் 2012இல் வாக்கெடுப்பு நடத்தி, இரண்டாம் வீடுகள் 20 வீதத்தைத் தாண்டிய ஊர்களில் புதிதாக அவற்றைக் கட்டுவதைத் தடுத்தார்கள். கோர்ன்வாலில் செயின்ட் ஐவ்ஸ் என்ற கடற்கரை ஊர் 2016இல், இனிக் கட்டும் வீடுகள் நிரந்தரமாகக் குடியிருப்பவர்களுக்கே என்று வாக்களித்தது. புதிய வீட்டை வாங்க முடியாத வெளியூராரின் கண் பழைய வீடுகளின் மேல் திரும்பியது என்று பின்னர் ஆய்வாளர்கள் எழுதினார்கள். புதிய வீட்டுக்கு மட்டும் விதி போட்டால் இப்படித்தான் ஆகும். நிலாவெளிக்கு யாராவது விதி எழுதினால் இதை நினைவில் வைக்கட்டும்.

இங்கிலாந்துத் திருச்சபையின் சொத்து நிதி 10 பில்லியன் பவுணுக்கு மேற்பட்டது. அதன் பேராயர்கள் அமைத்த ஆணைக்குழு 2021இல், திருச்சபைக் காணியை மலிவு வீடுகளுக்குப் பயன்படுத்த வேண்டும் என்று சொன்னது. அங்கும் இடறியது ஒரு சட்டக் கேள்வியில்தான்: அறச் சொத்தை வைத்திருப்பவர் கிடைக்கக்கூடிய நல்ல விலையைப் பார்க்கக் கடமைப்பட்டவர். அவர்களிடம் செல்வம் இருக்கிறது, நம்மிடம் துண்டுக் காணிதான் இருக்கிறது. முட்டுக்கட்டை ஒன்றே.

நம் நாட்டில் 1973இல் வீட்டுக்கு உச்சவரம்பு போட்டார்களே. அதையே திரும்பக் கொண்டுவந்தால் சரிதானே?

அந்தச் சட்டம் தனியாளுக்கு இரண்டு வீடு என்றும், தங்கி வாழும் பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு இரண்டுடன் பிள்ளைக்கு ஒன்று என்றும் வரம்பு வைத்தது. மிகுதி அரசுக்குப் போனது. வாடகைக்கு இருந்த பலர், குறிப்பாகக் கொழும்பில், அந்த வீட்டுக்கே சொந்தக்காரர் ஆனார்கள். அது பெரிய நன்மை, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வாடகைக்கென்று வீடு கட்டுவதை மக்கள் விட்டுவிட்டார்கள். நான்காவது கேள்வியில் சொன்ன பயத்தின் வேர் இதிலும் இருக்கிறது.

திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். பூட்டிய வீட்டுக்கு உள்ளூராட்சி மன்றம் கூடுதல் சோலைவரி (வீட்டு வரி) அறவிடுவதும், வாடகைக்கு விட்டால் அதைத் தள்ளுவதும் போதும். இடம்பெயர்ந்து திரும்ப முடியாதவர்களுக்கும் சீதன வீட்டுக்கு ஒரு கால எல்லை வரைக்கும் விலக்கு வேண்டும்.

மாதா கோயிலைப் பற்றி மட்டும் ஏன்? பிள்ளையார் கோயில், பள்ளிவாசல், விகாரைக்கெல்லாம் காணி இல்லையா?

இருக்கிறது. பள்ளிவாசல் சொத்துக்கு 1956ஆம் ஆண்டின் வக்பு சட்டமும், விகாரைச் சொத்துக்கு 1931ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமும் உண்டு. சைவக் கோயில்களுக்கு அறங்காவலர்கள் இருக்கிறார்கள். நான் என் வீட்டுக் கணக்கை முதலில் எழுதுகிறேன், அவ்வளவுதான். இந்த மாவட்டத்தில் வழிபாட்டு நிலம் எடுத்த எடுப்பிலேயே இனப் பிரச்சினையாகிவிடுகிறது. கோணேசர் கோயில் சூழலிலும் கன்னியா வெந்நீரூற்றிலும் நிலத்தைப் பற்றி எழுந்த இழுபறியை எல்லோரும் பார்த்தோம். பக்கத்து மதத்தின் காணியை நான் அளக்கப் போனால் யாரும் கேட்கமாட்டார்கள், கேட்கவும் கூடாது.

வேதக்காரருக்கு மட்டும்தான் கொடுப்பீர்களா?

கிறிஸ்தவருக்கு மட்டும் கொடுத்தால் அது வீடமைப்பாகாது, ஆள் சேர்ப்பாகிவிடும். பட்டணத்தில் எத்தனை வருடமாக வாடகைக்கு இருக்கிறார்கள், வீட்டில் எத்தனை பேர், மாற்றுத்திறனாளி இருக்கிறாரா, கணவனை இழந்தவரா என்பதைப் பார்த்துப் பட்டியல் போட வேண்டும். வேறு எங்கும் வீடு இல்லை என்று கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலும் வேண்டும். பட்டியலைக் கோயில் வாசலில் ஒட்ட வேண்டும். பங்குச் சபையினரின் உறவினர் பெயர் வந்தால், அதை முடிவு செய்யும்போது அவர் எழுந்து வெளியே போகவேண்டும்.

அம்மம்மா காலத்திலிருந்து மிஷன் காணியில் இருக்கிறோம். எங்களுக்கு உறுதி கிடைக்குமா?

சுவாமி, அதாவது பங்குத்தந்தை, இரக்கப்பட்டு இருக்கவிட்ட இடம் என்றால், எத்தனை வருடமானாலும் அது அனுமதியுடன் இருந்த இருப்பு. வாடகைக்கு இருப்பவரைப் பற்றிச் சொன்னதுதான் இங்கும் பொருந்தும். உறுதி உங்களுக்குத் தானாக வராது. ஆனால் பழைய பற்றுச்சீட்டு, சோலைவரி, மின்சாரப் பட்டியல், ஞானஸ்நானப் பதிவில் உள்ள விலாசம் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் சேர்த்து, மேலே சொன்ன நீண்ட குத்தகையை எழுத்தில் கேளுங்கள். மூன்று தலைமுறை விளக்கேற்றிய குடும்பத்தை ஒரு புதுக் கட்டடத்துக்காக எழுப்புவது சட்டப்படி முடிந்தாலும் நியாயப்படி முடியாது. இதை நான் ஆயரின் முன்னும் சொல்வேன்.

சுவாமியிடம் கணக்குக் கேட்டால் மரியாதைக் குறைவாகாதா?

ஆகாது. 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டம், வழிபாட்டு இடத்தில் அக்கறையுள்ள ஐந்து பேர் மாவட்ட நீதிமன்றத்துக்கே போகலாம் என்கிறது. அங்கே போகவேண்டிய தேவை வராமல் இருக்கத்தான் வீட்டுக்குள்ளேயே கேட்க வேண்டும். மூன்று கேள்வி போதும்: எந்தெந்தத் துண்டு, யார் அனுபவிக்கிறார், என்ன வருமானம்.

அண்ணன் கனடாவில். வீட்டைப் பூட்டிச் சாவியை என்னிடம் தந்திருக்கிறார். இது பாவமா?

பாவம் என்ற சொல்லை உங்கள் மேல் வைக்க எனக்கு உரிமை இல்லை. அந்த வீட்டின் ஒவ்வொரு சுவரும் அவர் பனியில் வேலை செய்த பணம். வந்து இறங்க ஓரிடம் வேண்டும் என்ற ஏக்கம் உண்மையானது. அவரிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: ஓர் அறையையும் தன் சாமான்களையும் பூட்டி வைத்துக்கொண்டு மற்றதை வாடகைக்குக் கொடுக்கலாமா? ஆவணியில் வருவதென்றால் அந்த மாதத்துக்கு ஓர் ஏற்பாட்டைக் குத்தகையிலேயே எழுதலாம். உங்கள் பெயரில் அற்றோணித் தத்துவம், அதாவது அவருக்காக நீங்கள் கையெழுத்திட அதிகாரம் தரும் பத்திரம், வேண்டும். அதை அவர் அங்குள்ள நம் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்பலாம். அது வந்ததும் கோப்புடன் ஞாயிறு பூசைக்குப் பிறகு வாருங்கள். நான் மரத்தடியில் இருப்பேன்.